பழைய மினிவேன் வாங்கலாமா? எது கெடும், எவ்வளவு இழுக்கும்?

ஏழாம்இருக்கை:

வணக்கம். வீட்டில் ஏழு பேர். அதில் இரண்டு பேர் முதியவர்கள், மூன்று பேர் குழந்தைகள். புதிய வண்டிக்குக் கையில் பணமில்லை, கடன் வாங்க மனமில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடிய மினிவேன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஆறு சிலிண்டர், 3.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், முன்சக்கர இயக்கம். எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்குவது டைமிங் செயின் அல்ல, டைமிங் பெல்ட்தான். மீட்டர் 2,40,000 கிலோமீட்டர் காட்டுகிறது. எந்த நிறுவனத்து வண்டி என்பதை வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறேன். சொன்னால் இந்த இழை நிறுவனச் சண்டையாகிவிடும்.

விற்பவர் பெருமையோடு சொன்ன ஒரு வாக்கியம்: "எஞ்சின் ஆயில் மாற்றியதைத் தவிர இந்த வண்டி எனக்கு ஒரு செலவும் வைத்ததில்லை." இதைக் கேட்டு மகிழ்வதா, பயப்படுவதா?

சுருக்கெழுத்து:

பயப்படுங்கள்.

கிரீஸ்கை:

மேலே உள்ள நண்பர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் கொஞ்சம் விரிக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவன் நான்.

"ஒரு செலவும் வைத்ததில்லை" என்றால் செலவு எல்லாம் சேர்ந்து உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். ஒழுங்காகப் பராமரித்திருந்தால் 2,40,000 கிலோமீட்டருக்குள் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கியர் ஆயில் பலமுறை, கூலன்ட் இரண்டு மூன்று முறை, ஸ்பார்க் பிளக் ஒரு முறையாவது, முன்பக்க ஸ்ட்ரட் (அதிர்வு தாங்கி) ஒரு ஜோடி, பிரேக் டிஸ்க் என்று எல்லாம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால் அந்தப் பட்டியலின் மொத்தத் தொகையை வண்டி விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். அதுதான் உண்மையான விலை. 3,00,000 ஓடிய, ரசீதுக் கட்டோடு வரும் வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். 1,50,000 ஓடி ஒரு ரசீதும் இல்லாத வண்டியைத் தொடமாட்டேன்.

முதலில் பெல்ட். இந்த அளவு ஜப்பானிய வி6 எஞ்சின்களில் பொதுவாக 1,45,000 முதல் 1,70,000 கிலோமீட்டருக்குள், அல்லது ஏழெட்டு வருடத்துக்குள், எது முந்துகிறதோ அதில் பெல்ட்டை மாற்றச் சொல்வார்கள். ரப்பருக்கு ஓடினாலும் வயது, ஓடாவிட்டாலும் வயது. பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் போய்த் திறந்திருக்கும் வால்வை இடிக்கும், வால்வு வளையும். அதன்பின் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றியாக வேண்டும், அல்லது வேறு எஞ்சின் தேட வேண்டும். பழைய வண்டியின் கதை பெரும்பாலும் அந்த நிமிடத்தோடு முடிந்துவிடும்.

மாற்றும்போது பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதைத் தாங்கும் ஐட்லர் உருளை, முன்பக்க ஆயில் சீல் எல்லாம் அதே இடத்தில். பாகங்களின் விலை கூடும், கூலி ஏறக்குறைய அதேதான். பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு ஒரு வருடம் கழித்துப் பம்ப் கசிந்தால் முழுக் கூலியையும் மறுபடி கொடுக்க வேண்டும்.

அடுத்தது கியர்பாக்ஸ். மினிவேனைச் சாகடிப்பது பெரும்பாலும் எஞ்சின் அல்ல, கியர்பாக்ஸ்தான். காருக்காக வடிவமைத்த கியர்பாக்ஸை வாங்கி, வெறும் எடையே இரண்டு டன்னை ஒட்டிய வண்டியில் மாட்டி, ஏழு பேரையும் பெட்டிகளையும் ஏற்றி, மலையிலும் ஏற்றுகிறோம். சூடு ஏறுகிறது. சூட்டில் ஆயில் கெடுகிறது. கெட்ட ஆயிலில் கிளட்ச் தட்டுகள் தேய்கின்றன.

ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். நிறுத்திய நிலையிலிருந்து 'டி'க்கும் 'ஆர்'க்கும் மாற்றிப் பாருங்கள். கியர் பிடிக்க இரண்டு விநாடிக்கு மேல் ஆனால், அல்லது பெரிய அடியோடு பிடித்தால், நல்லதல்ல. பிறகு நன்றாகச் சூடேறியபின் மணிக்கு 70, 80 கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தி ஓட்டுங்கள். வண்டி முழுவதும் நடுங்கி, காலை எடுத்தவுடன் நடுக்கம் நின்றால், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் பூட்டுக் கிளட்ச்சைச் சந்தேகிக்க வேண்டும். ஆர்.பி.எம். முள் ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை என்றால் உள்ளே வழுக்குகிறது. இறங்கி, நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

மூன்றாம்கியர்:

கிரீஸ்கை ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். பழைய கியர்பாக்ஸில் ஆயிலை மாற்றவே கூடாது. என் உறவினர் ஒருவர் 2,00,000 கிலோமீட்டருக்குப் பிறகு முதல்முறையாக மாற்றினார். ஒரு மாதத்தில் கியர்பாக்ஸ் போய்விட்டது. பழைய ஆயிலில் மிதக்கும் துகள்கள்தான் கிளட்ச்சுக்குப் பிடிமானம் கொடுக்கின்றன.

கிரீஸ்கை:

இந்தக் கதையை எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன், தம்பி. உங்கள் உறவினர் ஏன் திடீரென்று 2,00,000இல் ஆயிலை மாற்றினார் என்று கேட்டீர்களா? பெரும்பாலும் கியர் ஏற்கெனவே வழுக்கத் தொடங்கியிருக்கும். கடைசி நம்பிக்கையாக ஆயிலை மாற்றியிருப்பார். சாகப்போகிறவருக்குக் கடைசியாக மருந்து கொடுத்த வைத்தியர்மீது பழி விழுவதுபோலத்தான் இதுவும்.

ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை உண்டு. இயந்திரத்தை வைத்து அழுத்தத்தோடு கழுவித் தள்ளுவது பழைய கியர்பாக்ஸுக்கு ஆகாது என்பது என் கருத்தும்தான். நான் செய்வது எளியது. அடியில் உள்ள பிளக்கைத் திறந்து வடிகிறதை மட்டும் வடித்து, அதே அளவு புதியது ஊற்றுவேன். டார்க் கன்வெர்ட்டருக்குள் நிறையத் தங்கிவிடுவதால் ஒரு முறை வடித்தால் மொத்தத்தில் பாதிகூட வராது. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி, பிறகு இன்னொரு முறை. மெதுவாக ஆயில் புதிதாகிவிடும். வடித்த ஆயில் கறுப்பாக, கருகிய வாடையோடு, உலோகச் செதில்களோடு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். அந்தக் கியர்பாக்ஸுக்கு எதைச் செய்தாலும் ஒன்றுதான்.

ஒன்று முக்கியம். அந்த வண்டிக்கு என்று தயாரிப்பாளர் குறித்த ஆயிலையே ஊற்ற வேண்டும். கிறைஸ்லர் மினிவேன்களின் நான்கு கியர் பெட்டிக்கு ஏடிஎஃப் பிளஸ் வகைதான். அதில் கடையில் சுலபமாகக் கிடைக்கிற டெக்ஸ்ரானை ஊற்றி, கிளட்ச் நடுங்கி, பெட்டியே கெட்டுவிட்டது என்று கழற்றிப்போட்டவர்கள் ஏராளம். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று டப்பாவில் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை.

கணக்குப்பிள்ளை:

செலவு பற்றிக் கேட்டீர்கள். இங்கே ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம், பணத்தில் சொன்னால் யாருக்கும் பயன்படாது. அதனால் கூலி மணியில் சொல்கிறேன். உங்கள் மெக்கானிக் ஒரு மணி நேரத்துக்கு என்ன வாங்குகிறார் என்று கேட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். வண்டிக்கு வண்டி மாறும். துருப்பிடித்த போல்ட் ஒன்று உடைந்தால் எல்லாக் கணக்கும் பறந்துவிடும். இருந்தாலும் ஒரு மதிப்புக்கு:

டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் சேர்த்து நான்கு முதல் ஆறு மணி. முன்பக்க ஸ்ட்ரட் இரண்டும் இரண்டு மூன்று மணி, அதோடு சக்கர அலைன்மென்ட். வீல் பேரிங் ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டு. ஆல்டர்னேட்டர் ஒன்று இரண்டு. ஏசி கம்ப்ரசர் இரண்டு முதல் நான்கு, கேஸ் நிரப்புவது தனி. கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டுவது மட்டும் எட்டு முதல் பன்னிரண்டு மணி, பெட்டியின் விலை தனி. ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் என்றால் வி6 எஞ்சினில் பன்னிரண்டு மணிக்குக் குறையாது.

இதில் எதைக் கவனிக்க வேண்டும் என்றால், சில வேலைகளில் பாகம் மலிவு, கூலிதான் மொத்தம். ஆயில் சீல், கேஸ்கெட் எல்லாம் இந்த வகை. சில வேலைகளில் கூலி ஒன்றுமில்லை, பாகம்தான் கழுத்தை அறுக்கும். எஞ்சின் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதற்கு உதாரணம். முதல் வகையை நீங்களே செய்யக் கற்றுக்கொண்டால் பணம் மிச்சமாகும். இரண்டாம் வகையில் விலையை நான்கு இடத்தில் விசாரித்தால் மிச்சமாகும்.

மினிவேனில் எஞ்சினைக் குறுக்காக வைத்து, கண்ணாடிக்கு அடியில் பாதியைத் திணித்திருப்பார்கள். முன்வரிசைப் பிளக்குகள் மூன்றும் கைக்கு எட்டும். பின்வரிசை மூன்றுக்குச் சில வண்டிகளில் இன்டேக் மேனிஃபோல்டையே கழற்ற வேண்டும். ஒரே வேலைக்கு ஒரு மெக்கானிக் சொன்ன தொகையைப் போல இன்னொருவர் மூன்று மடங்கு சொன்னால், முதலாமவர் முன்வரிசையை மட்டும் மாற்றப் போகிறாரா என்று கேளுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, நடக்கிறது.

ஏழாம்இருக்கை:

மிக்க நன்றி. நேற்று போய்க் குளிர்ந்த எஞ்சினோடு ஓட்டிப் பார்த்தேன். கியர் ஒரு விநாடிக்குள் பிடித்தது. நெடுஞ்சாலையில் நடுக்கம் எதுவும் இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஊளையிடும் சத்தம். மேடுபள்ளத்தில் முன்பக்கம் 'டொக் டொக்'. வலது சறுக்குக் கதவு பட்டனுக்கு அடங்கவில்லை. பாதி வழியில் நின்று திரும்பிப் போகிறது. பின்வரிசையில் ஏசிக் காற்று சூடாக வருகிறது. எஞ்சின் விளக்கு எரியவில்லை.

தள்ளுகதவு:

இவ்வளவு பேர் எழுதியும் கதவைப் பற்றி யாரும் எழுதவில்லை. மூன்று குழந்தைகளை ஏற்றி இறக்குகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், மினிவேனில் தினமும் உங்களைச் சோதிப்பது கதவுதான்.

மோட்டார் கதவு பாதியில் நின்று திரும்புகிறது என்றால் எதையோ இடித்ததாக நினைத்துப் பின்வாங்குகிறது. உடனே "மோட்டார் போய்விட்டது" என்பார்கள். மோட்டாரும் கேபிளும் சேர்ந்த தொகுதி விலை அதிகம். அதை வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். உள்ளே உள்ள பிரதான சுவிட்சில் மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கதவைக் கையால் மெல்லத் தள்ளுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் கனக்கிறதா? அப்படியானால் தடத்தில் மண், அல்லது உருளை தேய்ந்து கதவு தொங்குகிறது. கதவைத் திறந்து வைத்துப் பின்முனையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் நடு உருளைதான். தடத்தைத் துடைத்து, உருளையை மாற்றினாலே பல கதவுகள் சரியாகிவிடும். கையால் தள்ளும்போது வழுவழுப்பாக ஓடியும் மோட்டார் மறுத்தால், அப்போது கேபிளைப் பாருங்கள். எஃகுக் கேபிள் இழை பிரிந்து முறுக்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகும் ஒரு வழி உண்டு: மோட்டாரை நிரந்தரமாக அணைத்துவிட்டுக் கையால் தள்ளுவது. என் வண்டியில் இடது கதவு அப்படித்தான் ஓடுகிறது. முதியவர்கள் ஏறும் பக்கத்துக் கதவை மட்டும் சரிசெய்தேன்.

பின்வரிசை ஏசிக்கும் ஹீட்டருக்கும் குழாய்கள் முன்பக்கத்திலிருந்து தரைக்கு அடியில் வண்டியின் நீளம் முழுவதும் ஓடுகின்றன. துருப்பிடித்து ஓட்டையாகும். ஏசிக் குழாய் கசிந்தால் வெறும் புழுக்கம். ஹீட்டர் குழாய் கசிந்தால் எஞ்சின் தண்ணீரே போய்விடும். நீங்கள் முன்னால் ரேடியேட்டரில் தேடிக்கொண்டிருப்பீர்கள், தண்ணீர் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருக்கும்.

கிரீஸ்கை:

சகோதரி சொன்ன ஹீட்டர் குழாயைப் பொன்னெழுத்தில் எழுதி வைக்க வேண்டும். அதில் கசிந்து, தெரியாமல் ஓட்டி, எஞ்சின் சூடேறி, ஹெட் கேஸ்கெட் போன வண்டிகள் நிறையப் பார்த்திருக்கிறேன். மலிவான குழாயும் இரண்டு கிளாம்ப்பும் காப்பாற்றியிருக்க வேண்டிய எஞ்சின்கள்.

ஸ்டியரிங் ஊளைக்கு வருகிறேன். பலர் உடனே பம்ப்பை மாற்றச் சொல்வார்கள். முதலில் பவர் ஸ்டியரிங் ஆயில் தொட்டியைத் திறந்து பாருங்கள். ஆயில் நுரைத்திருந்தால் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. பம்ப்பின் உறிஞ்சு பக்கத்தில் உள்ள சின்ன ரப்பர் வளையம் வயதாகிக் கடினப்பட்டிருக்கும். அந்த வளையத்தின் விலை ஒன்றுமே இல்லை. வேலை அரை மணி. வளையத்தை மாற்றியும் ஊளை நிற்காவிட்டால் மட்டும் பம்ப்.

'டொக் டொக்' ஸ்டெபிலைசர் இணைப்புத் தண்டாக இருந்தால் மலிவு. கன்ட்ரோல் ஆர்ம் புஷ் அல்லது பால் ஜாயின்டாக இருந்தால் நடுத்தரம். பால் ஜாயின்டைத் தள்ளிப்போட வேண்டாம். கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும்.

எஞ்சின் விளக்கு எரியவில்லை என்பதை நம்ப வேண்டாம். ஒரு சின்ன ஸ்கேனர் கருவி வாங்கி, வண்டியின் கணினியோடு பேசும் ஓபிடி செருகியில் மாட்டுங்கள். பிழைக் குறியீட்டைப் பார்ப்பதற்கு மட்டுமல்ல. 'தயார்நிலை' என்று ஒரு பக்கம் இருக்கும். கேட்டலிஸ்ட் (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்), ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவி என ஒவ்வொரு சோதனையையும் வண்டி தானே முடித்திருக்கிறதா என்று காட்டும். பிழையை அழித்தாலும் பேட்டரியைக் கழற்றினாலும் அவை எல்லாம் 'முடியவில்லை' என்றாகிவிடும். மறுபடி முடிக்கப் பல பயணங்கள் ஆகும். தினமும் ஓடுகிற வண்டியில் எல்லாமே 'முடியவில்லை' என்று வந்தால், நீங்கள் வருவதற்கு முன்னால் யாரோ விளக்கை அணைத்திருக்கிறார்கள்.

பழையபக்கம்:

நிறுவனப் பெயரைச் சொல்லாவிட்டாலும், வாசிக்கிற மற்றவர்களுக்காகப் பதிவில் உள்ளதை மட்டும் எழுதுகிறேன். மினிவேன் வாங்க நினைப்பவர்கள் வருடத்தைப் பார்த்து வாங்க வேண்டும், பெயரைப் பார்த்து அல்ல.

ஹோண்டா ஒடிசி, 1999 முதல் 2004 வரை: கியர்பாக்ஸ். முதல் சில வருட வண்டிகளுக்கு நிறுவனமே உத்தரவாதத்தை ஏழு வருடம் அல்லது 1,00,000 மைல் என்று நீட்டியது. 2002–2004 வண்டிகளை 2004இல் திரும்ப அழைத்து, இரண்டாம் கியரின் மேல் கூடுதல் ஆயில் பாய்ச்சும் அமைப்பை வைத்தார்கள். 2005 முதல் உயர்வகை ஒடிசிகளில் சில சிலிண்டர்களை நிறுத்திவைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும் விசிஎம் வந்தது. அதனோடு எஞ்சின் மவுன்ட் தேய்வதும், சில வருட வண்டிகளில் பிளக்கில் ஆயில் படிவதும் சேர்ந்து வந்தன.

டொயோட்டா சியன்னா, 1998–2002: 3 லிட்டர் வி6 எஞ்சினில் ஆயில் கெட்டிப்பட்டுச் சேறாகும் தொல்லை. 2007 முதல் வந்த 3.5 லிட்டரில் செயின்தான், பெல்ட் இல்லை. ஆனால் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்புக்கான ஆயில் குழாயில் ஒரு ரப்பர் பகுதி இருந்தது. அது வெடித்தால் நிமிடங்களில் ஆயில் முழுவதும் வெளியேறிவிடும். முழு உலோகக் குழாய் மாற்றாக வந்துவிட்டது. தொடக்க கால வண்டி வாங்கினால் எந்தக் குழாய் இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஃபோர்டு விண்ட்ஸ்டார், 1998–2003: பின் அச்சு துருப்பிடித்து முறியும் அபாயத்துக்காக 2010இல் திரும்ப அழைக்கப்பட்டது. பனிக்கு உப்புத் தூவும் பகுதிகளில் ஓடியவை.

கிறைஸ்லர் குழும மினிவேன்களில் 2011இல் வந்த 3.6 லிட்டர் வி6: தொடக்க வருடங்களில் இடப்பக்க சிலிண்டர் ஹெட் தொல்லைக்கு உத்தரவாதம் நீட்டப்பட்டது.

வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கக்கூடிய தகாட்டா நிறுவன ஏர்பேக்கையும் மறக்க வேண்டாம். 2002–2004 ஒடிசி, 2011–2014 சியன்னா அந்தப் பெரும் திரும்பப் பெறுதலில் அடங்கியவை. சேசிஸ் எண்ணைக் கொடுத்து, நிலுவையில் உள்ள இலவசப் பழுதுநீக்கம் ஏதாவது உண்டா என்று அந்த நிறுவனத்தின் விற்பனையகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒரு காசும் செலவில்லாத பழுது அது ஒன்றுதான்.

சுருக்கெழுத்து:

இவ்வளவையும் படித்த பிறகும் வாங்கப் போகிறீர்களா? வண்டியின் விலையைவிடப் பழுதுச் செலவு அதிகம் ஆனால் அது குப்பைதானே.

கணக்குப்பிள்ளை:

அந்தச் சூத்திரத்தை எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அது ஒருநாளும் புரிந்ததில்லை. பதினைந்து வருட வண்டியின் சந்தை விலை எதற்கு அளவுகோல்? நீங்கள் அதை விற்கப் போவதில்லை, ஓட்டப் போகிறீர்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பழுதைச் செய்தால் இன்னும் எத்தனை மாதம் ஓடும், அதே மாதங்களுக்கு வேறு வண்டி வைத்திருந்தால் என்ன செலவாகும்? பெல்ட்டும் ஸ்ட்ரட்டும் சேர்ந்து வண்டி விலையில் பாதியைத் தின்றாலும், அதன் பிறகு மூன்று வருடம் ஓடினால் மாதக் கணக்கில் அது மிகச் சிறிய தொகை. புதிய வண்டியின் மதிப்பு முதல் வருடத்திலேயே இதைவிட அதிகமாகக் கரைந்துவிடும்.

ஆனால் சுருக்கெழுத்து சொல்வது இரண்டு இடங்களில் சரி. ஒன்று, கியர்பாக்ஸ். மாற்றினால் வேறெதுவும் புதிதாவதில்லை. மீதி எல்லாம் அதே கிழம். இரண்டு, துரு. அடிச்சட்டத்தில் ஜாக் வைக்கும் இடமே உதிர்ந்தால் எவ்வளவு செலவழித்தாலும் திரும்பி வராது.

மூன்றாம்கியர்:

எனக்கும் கியர்பாக்ஸில்தான் பயம். ஆயில் விஷயத்தில் கிரீஸ்கை ஐயாவை நான் இன்னும் முழுவதும் ஏற்கவில்லை, ஆனால் உறவினரிடம் கேட்டேன். "மாற்றுவதற்கு முன்பே மேட்டில் கொஞ்சம் இழுவை குறைந்திருந்தது" என்கிறார்.

கிரீஸ்கை:

அதுதான் தம்பி, அந்தக் 'கொஞ்சம்'.

கியர்பாக்ஸைப் பற்றிப் பேசும்போதே ரேடியேட்டரையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தொடர்பு தெரிவதில்லை. நிறைய வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அது உள்ளே அரித்துவிட்டால் கூலன்ட் கியர் ஆயிலோடு கலக்கும். கியர் அளவுக்கம்பியை இழுத்தால் ஆயில் இளஞ்சிவப்பாக, கலங்கி, நுரைத்துத் தெரியும். அப்படித் தெரிந்தால் கியர்பாக்ஸ் போனது என்றே வைத்துக்கொள்ளலாம். கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுத் தாள் தண்ணீரில் ஊறி உரிந்துவிடும். பழைய ரேடியேட்டரைக் கசியும் முன்பே மாற்றச் சொல்வது இதனால்தான். ரேடியேட்டர் ஒரு கியர்பாக்ஸின் விலையில் சிறு பங்கு.

ஏழாம்இருக்கை:

மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு போய் வண்டியைத் தூக்கிப் பார்த்தோம். முடிவுகள்:

கியர் ஆயில் அடர்ந்த பழுப்பு, ஆனால் கருகல் வாடை இல்லை, செதில் இல்லை. கூலன்ட் துருநிறம், கேட்டபோது பல வருடமாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றியதாகச் சொன்னார். டைமிங் பெல்ட்டுக்கு ஒரு ஆதாரமும் இல்லை. மேல்மூடியைத் திறந்து பார்த்ததில் பெல்ட் ஓரத்தில் விரிசல், டென்ஷனரில் எண்ணெய்க் கசிவு. 'டொக் டொக்' ஸ்டெபிலைசர் இணைப்பு, இரண்டு பக்கமும். பால் ஜாயின்ட் நன்றாக இருக்கிறது. பின் ஹீட்டர் குழாயில் மேற்பரப்புத் துரு, கசிவு இல்லை. அடிச்சட்டம் உறுதி. ஸ்டியரிங் ஆயில் நுரை. நீங்கள் சொன்ன ரப்பர் வளையத்தை மெக்கானிக்கும் அதேபோல் சொன்னார்.

ஸ்கேனரில் பிழை இல்லை. தயார்நிலையில் கேட்டலிஸ்ட் மட்டும் முடியவில்லை, மற்றவை முடிந்திருக்கின்றன. விற்பவர் பேட்டரி மாற்றினேன் என்கிறார். பேட்டரியின்மேல் புதிய முத்திரை இருந்தது.

கேட்டலிஸ்ட் பயம் காட்டுகிறது. மற்றதெல்லாம் கணக்குக்குள் வருகிறது.

கிரீஸ்கை:

கேட்டலிஸ்ட் சோதனை பொதுவாக முடிவதற்குத் தாமதமாகும் வகைதான். பேட்டரி மாற்றியது உண்மை என்றால் இது இயல்பே. சந்தேகம் தீர ஒரு வாரம் ஓட்டச் சொல்லிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். பி0420 (கேட்டலிஸ்ட் சரியாக வேலை செய்யவில்லை என்ற பிழைக் குறியீடு) வந்தால்கூட உடனே கன்வெர்ட்டரை வாங்க ஓட வேண்டாம். மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுவது) இருக்கிறதா, எஞ்சின் ஆயில் குடிக்கிறதா, எக்ஸாஸ்ட் குழாயில் கசிவு இருக்கிறதா, பின் ஆக்சிஜன் சென்சார் சரியாகப் பேசுகிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஆயில் குடிக்கும் எஞ்சினில் புதிய கன்வெர்ட்டரை மாட்டினால் அதையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், மேல் கீழ் ஹோஸ்கள் எல்லாவற்றையும் பெல்ட் வேலையோடு சேர்த்து மாற்றிவிடுங்கள், எப்படியும் கூலன்டை வடிக்கத்தான் வேண்டும். அதற்கு முன் ஹெட் கேஸ்கெட் சோதனை ஒன்று. ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழலை வைத்து எஞ்சினை ஓட்டினால், எரிவாயு கூலன்டுக்குள் கசிந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். பத்து நிமிட வேலை. நீலமாகவே இருந்தால் மட்டும் விலை பேசுங்கள்.

கணக்குப்பிள்ளை:

நானாக இருந்தால் பெல்ட் வேலை முழுவதும், ரேடியேட்டர், கூலன்ட், கியர் ஆயில் மூன்று முறை, ஸ்டெபிலைசர் இணைப்பு, ஆறு பிளக் ஆகியவற்றின் தொகையைத் தாளில் எழுதி விற்பவர்முன் வைப்பேன். கதவும் பின் ஏசியும் அந்தத் தாளில் வேண்டாம். அவற்றை வைத்து வாதாடினால் முக்கியமானவற்றுக்கான வலு குறையும். ஆசைப்பட்டதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

ஏழாம்இருக்கை:

நீலம் நீலமாகவே இருந்தது. ஒரு வாரத்தில் கேட்டலிஸ்ட் சோதனையும் முடிந்தது, பிழை இல்லை. தாளை வைத்தேன். விற்பவர் நெடுநேரம் பார்த்தார். தாளில் எழுதிய தொகையில் ஏறக்குறைய முக்கால் பங்கை விலையில் குறைக்க ஒப்புக்கொண்டார். ஆனால் இன்னொரு வழியும் சொல்கிறார்: விலையைக் குறைக்காமல், பெல்ட்டை அவரே மாற்றிக் கொடுத்துவிடுகிறாராம். தெரிந்த பட்டறை ஒன்று இருக்கிறதாம். எது நல்லது?

தள்ளுகதவு:

பணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கிரீஸ்கை:

சந்தேகமே வேண்டாம், விலைக் குறைப்புதான். விற்றுவிடப் போகிற வண்டிக்கு யாரும் நல்ல பாகம் போடமாட்டார்கள். சந்தையில் உள்ள மிக மலிவான பெல்ட்டைப் போட்டு, பழைய பம்ப்பையும் கசிகிற டென்ஷனரையும் அப்படியே விட்டுவிட்டு, "மாற்றிவிட்டேன்" என்று ரசீது தருவார். அந்த ரசீதை நம்பி நீங்கள் இன்னும் 1,50,000 கிலோமீட்டர் ஓட்டுவீர்கள். பணத்தை வாங்கிக்கொண்டு வண்டியை நேராக உங்கள் மெக்கானிக்கிடம் விடுங்கள். கழற்றிய பழைய பாகங்களை உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பம்ப் பெட்டியில் உள்ள பாக எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்கு மேல்மூடியில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் அழியாத மையில் எழுதச் சொல்லுங்கள்.

பெல்ட் மாற்றும்வரை அந்த வண்டியை எஞ்சின் ஓட்டிக் கொண்டுபோக வேண்டாம், இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். விரிசல் விட்ட பெல்ட்டும் கசிகிற டென்ஷனரும் சேர்ந்திருக்கின்றன.

ஏழாம்இருக்கை:

சோதனை ஓட்டமே அந்தப் பெல்ட்டில்தானே செய்தேன்!

சுருக்கெழுத்து:

விற்பவரும் அந்த ஒரு வாரம் அதில்தான் ஓட்டினார். இழுவை வண்டிக்குச் சொல்லிவிடுங்கள்.